கரையாத மருந்தும் பொன் வாரியமும்

உத்திரமேரூர் என்றதும் நம்மவர்களுக்குக் குடவோலை நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு சாஸனங்களைப் பற்றிப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், ஒரு குடம், ஓலையை எடுக்க ஒரு சிறு பிள்ளையின் கை என்று பள்ளிக்கூடத்துக் குழந்தையும் இன்று ஒப்பித்துவிடும். ஆனால் அதே சாஸனத்தில் வரும் ஒரு வாரியத்தைப் பற்றிப் பேசுவோர் அதிகம் இல்லை. அதுதான் பொன் வாரியம்.

ஏரி வாரியத்தார் ஏரியைக் காத்தார்கள். தோட்ட வாரியத்தார் தோட்டங்களைக் கவனித்தார்கள். பொன் வாரியத்தார் ஊரில் புழங்கிய பொன்னின் மாற்றைப் பார்த்தார்கள். பொன்னுக்குத் தனியே ஒரு வாரியம் எதற்கு என்று கேட்கலாம். கண்ணுக்கு எல்லாப் பொன்னும் ஒரே மஞ்சள்தான். கல்லில் உரைத்தால்தான் மாற்றுத் தெரியும். உரைப்பவன் விற்கிறவனாகவும் இருக்கக் கூடாது, வாங்குகிறவனாகவும் இருக்கக் கூடாது. இதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரார் அறிந்திருந்தார்கள்.

இன்று நம் வீடுகளில் பொன்னைவிட அதிகமாகப் புழங்குவது மாத்திரை. அதன் உறையில் 100 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். ரஸாயன சாலையில் பிரித்துப் பார்த்தால் உள்ளே 100 மில்லிகிராம் மருந்து இருக்கவும் கூடும். அப்படியிருந்தும் அதை விழுங்கியவருடைய ரத்தத்தில் மருந்து சேராமலே போவதுண்டு. மாத்திரைக்கும் மாற்று உண்டு. அது எடையில் தெரியாது. இந்த விந்தையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் சமையலறை, கொஞ்சம் கோர்ட்டு, கொஞ்சம் சித்திரை மாதத்து வெயில் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன.

கரைந்தால்தான் மருந்து

வாயில் போட்ட மாத்திரை வயிற்றில் போய் உடைகிறது. உடைந்தால் மட்டும் போதாது. மணலை எவ்வளவு பொடியாக இடித்துத் தண்ணீரில் போட்டாலும் அது கலங்குமே தவிரக் கரையாது. குடலின் சுவரைக் கடந்து ரத்தத்தில் சேர வேண்டுமானால், மருந்து மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்து நீரில் கரைந்திருக்க வேண்டும். கரையாத துகள்கள் உடம்புக்கு ஒரு நன்மையும் செய்யாமல், போகிற வழியே போய்விடும்.

உதாரணத்துக்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. சில ஆண்டுகளாக இந்தியா முழுவதும் படர்தாமரை பிடிவாதமாகப் பரவி வருகிறது. களிம்புக்கு அடங்காதபோது டாக்டர்கள் இட்ராகோனஸோல் என்ற மருந்தை உட்கொள்ளக் கொடுக்கிறார்கள். பெல்ஜியத்தில் ஜான்ஸென் ஆராய்ச்சி சாலையில் பிறந்த மருந்து இது. காளானை ஒடுக்குவதில் கெட்டிக்காரன், கரைவதில் சோம்பேறி. அமிலமோ காரமோ இல்லாத நீரில், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் கரையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லிகிராம் கொண்ட ஒரே ஒரு காப்ஸ்யூல் கரைவதற்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும்! 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் கொண்டுவந்தால் எட்டு லாரிக்கு மேல் ஆகும். இரைப்பையின் அமிலத்தில் கொஞ்சம் தாராளமாகக் கரையும். அங்கும் சுமார் 20 லிட்டர் வேண்டும். நம் வயிற்றில் இருப்பதோ ஒரு செம்பு நீர்.

இது இட்ராகோனஸோலுக்கு மட்டும் உள்ள குறை அன்று. நோயை உண்டாக்கும் புரதங்களில் மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் குழிவுகள் பெரும்பாலும் எண்ணெய்ப் பசை கொண்டவை. அந்தக் குழிவுக்குப் பொருந்தும்படி வார்க்கப்படும் மூலக்கூறும் எண்ணெய்ப் பசை கொண்டதாகவே அமைந்துவிடுகிறது. ஆகையால் இக்காலத்தில் கண்டுபிடிக்கப்படும் மருந்துகளில் பல, நோயை வெல்லும் திறமை உடையனவாகவும் தண்ணீரைக் கண்டால் விலகுவனவாகவும் இருக்கின்றன.

கற்கண்டும் பஞ்சு மிட்டாயும்

கற்கண்டும் பஞ்சு மிட்டாயும் ஒரே சர்க்கரைதான். கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டால் ஒரு கதாகாலட்சேபம் முடியும் வரையில்கூட இருக்கும். பஞ்சு மிட்டாய் நாக்கில் பட்டதும் மறைந்துவிடும். பஞ்சு மிட்டாயின் நூல்கள் மெல்லியவை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிட ஆழமானது.

கற்கண்டு ஒரு ஸ்படிகம். அதற்குள் சர்க்கரையின் மூலக்கூறுகள் வரிசை தவறாமல், ஒன்றோடொன்று கை கோத்து, சபை கூடினாற்போல் அமர்ந்திருக்கின்றன. நீர் வந்து அவற்றைக் கரைக்க வேண்டுமானால், இந்தக் கட்டுக்கோப்பை உடைத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். அதற்குச் சக்தி செலவாகிறது. பஞ்சு மிட்டாயில் உருகிய சர்க்கரை ஒரு கணத்தில் குளிர்ந்துவிடுவதால், வரிசையில் அமர அவகாசமில்லாமல் மூலக்கூறுகள் நின்றது நின்றபடி உறைந்துபோகின்றன. திருவிழாக் கூட்டத்தைப் போல அங்கே வரிசையும் இல்லை, கை கோப்பும் இல்லை. கூட்டத்தில் நிற்பவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது சுலபமல்லவா? ஜன்னல் கண்ணாடியும் இப்படி ஒழுங்கின்றி உறைந்த பொருளே. ஆகையால் இந்த நிலைக்குக் கண்ணாடி நிலை என்று பெயர்.

மருந்தையும் இப்படிக் கண்ணாடி நிலைக்குக் கொண்டுவந்தால், ஸ்படிகமாக இருந்தபோது கரைந்ததைவிடப் பன்மடங்கு கரையும். மருந்து செய்வோருக்கு இந்த வித்தியாசம் வெகு நாட்களாகவே தெரியும். 1950-களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் செய்த இன்சுலின் ஊசி மருந்தில், ஸ்படிகமற்ற இன்சுலின் மூன்று பங்கும் ஸ்படிக இன்சுலின் ஏழு பங்கும் கலந்திருந்தார்கள். முன்னது சீக்கிரம் வேலை செய்யும். பின்னது நிதானமாக நெடுநேரம் வேலை செய்யும். 1961-ல் ஜப்பானில் ஸெகிகுச்சி, ஓபி என்ற இருவர், எளிதில் கரையாத ஸல்பா மருந்து ஒன்றை எளிதில் கரையும் யூரியாவோடு சேர்த்து உருக்கிக் குளிர வைத்து, அது உடம்பில் விரைவாகச் சேருவதைக் காட்டினார்கள். உருக்கிச் சேர்க்கும் வித்தைக்கு அது பிள்ளையார் சுழி.

எலுமிச்சம்பழச் சாற்றின் ரகசியம்

இவ்வளவு சுலபமானால் எல்லா மருந்தையும் உருக்கி ஆற்றிவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. ஒழுங்கின்றி நிற்கும் மூலக்கூறுகளுக்கு மீண்டும் வரிசையில் அமர்ந்துவிட வேண்டும் என்ற இயல்பு எப்போதும் உண்டு. இன்று கண்ணாடியாக இருப்பது ஆறு மாதம் கழித்து ஸ்படிகமாகிவிடலாம். ஸ்படிகமானால் பழைய கதைதான். உறையில் எழுத்து மாறாது, எடை மாறாது. கரைவது மட்டும் நின்றுபோகும்.

இந்த வியாதிக்குப் பரிகாரம் நம் சமையலறையிலே இருக்கிறது. ஜாங்கிரிக்குப் பாகு காய்ச்சும்போது சில துளி எலுமிச்சம்பழச் சாறு விடுவார்கள். ஏன் என்று கேட்டால், “விடாவிட்டால் பாகு பூத்துப் போகும்” என்பார்கள். பூப்பது என்பது சர்க்கரை மீண்டும் ஸ்படிகமாவதுதான். புளிப்புப் பட்டதும் சர்க்கரையில் ஒரு பகுதி வேறு இரண்டு சர்க்கரைகளாகப் பிரிகிறது. வேற்று உருவம் கொண்ட அந்த மூலக்கூறுகள் நடுநடுவே நிற்பதால், மற்றவை வரிசை கட்ட முடியாமல் போகிறது.

மருந்துச் சாலையில் இந்த வேலையைச் செய்வது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை உடைய சில பொருள்கள். தாவர நாரிலிருந்து செய்யும் ஹைப்ரோமெலோஸ், ரஸாயன முறையில் செய்யும் போவிடோன் முதலியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றால் உடம்புக்குத் தீங்கில்லை. இவை மூன்று உபகாரங்கள் செய்கின்றன. மருந்தின் மூலக்கூறுகளுக்கு இடையே நின்று அவை கூடிவிடாமல் தடுக்கின்றன. கலவை முழுவதையும் இறுக்கமாக்கி, உள்ளே அசைவதற்கே இடம் கொடாமல் செய்கின்றன. வயிற்றில் மருந்து அளவுக்கு மீறிக் கரைந்து நிற்கும் வேளையில், அது திரும்பவும் படிந்துவிடாமல் குடல் அதை ஏற்கும் வரையில் தாங்கிப் பிடிக்கின்றன.

இரண்டையும் கலக்கும் வழிகளும் முக்கியமாக இரண்டு. ஒன்று, தெளித்து உலர்த்துவது. இட்ராகோனஸோலையும் ஹைப்ரோமெலோஸையும் ஒரு திரவத்தில் கரைத்து, காற்றில் புரளும் சிறு சர்க்கரை உருண்டைகளின்மேல் தெளிப்பார்கள். திரவம் ஆவியாகிவிடும்; ஜவ்வரிசி போன்ற ஒவ்வொரு குருணையின் மேலும் கண்ணாடி நிலையில் மருந்து பூசப்பட்டிருக்கும். இட்ராகோனஸோல் காப்ஸ்யூலுக்குள் இருப்பவை இந்தக் குருணைகளே. மற்றொரு வழி, உருக்கிப் பிசைந்து பிழிவது. முறுக்கு உழக்கில் மாவைப் பிழிவது போல, இரட்டைத் திருகுகள் சுழலும் சூடான குழாய்க்குள் மருந்தையும் துணைப் பொருளையும் தள்ளினால், மறுமுனையில் கண்ணாடிக் கம்பி போல் வெளிவரும். அதைப் பொடித்து மாத்திரையாக்குவார்கள்.

சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும்

ஒவ்வொரு கண்ணாடிப் பொருளுக்கும் ஓர் எல்லை உஷ்ணம் உண்டு. அதற்குக் கீழே அது இறுகி நிற்கும். மேலே போனால் இளகும். இளகினால் மூலக்கூறுகள் அசையத் தொடங்கும், அசைந்தால் ஸ்படிகமாகும். மூட்டு வலிக்குக் கொடுக்கும் இண்டோமெதாஸினைக் கண்ணாடி நிலையில் வைத்து உலகமெங்கும் பரிசோதனை செய்திருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது அதன் எல்லை சுமார் 42 டிகிரி. நம் காஞ்சிபுரம் ஜில்லாவில் அக்கினி நட்சத்திரத்தின்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லையைத் தொடாமலிருந்தால் மட்டும் போதாது, அதற்கு 50 டிகிரி கீழே இருந்தால்தான் நிம்மதி என்பது ஆராய்ச்சியாளர் வைத்திருக்கும் ஒரு கணக்கு. அந்தக் கணக்குப்படி அந்தத் தனி இண்டோமெதாஸினை உறைபனியைவிடக் குளிர்ந்த இடத்தில் அல்லவா வைக்க வேண்டும்! நல்ல வேளையாக, தகுந்த துணைப் பொருள் சேர்ந்தால் எல்லை வெகுவாக உயர்கிறது.

வெயிலைவிடப் பொல்லாத எதிரி ஈரம். மழைக்காலத்தில் பஞ்சு மிட்டாயைத் திறந்து வைத்தால் சுருங்கிப் பிசுபிசுத்துப் போவதைக் குழந்தைகள் அறிவார்கள். நீர் உள்ளே புகுந்து மூலக்கூறுகளுக்கு நடுவே வழுக்கலை உண்டாக்கி, எல்லை உஷ்ணத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. துணைப் பொருள் ஏற்றி வைத்ததை ஈரம் இறக்கி வைக்கிறது.

இந்தக் காரணத்தால்தான் உலக சுகாதார நிறுவனத்தார் எல்லா நாட்டுக்கும் ஒரே பரீட்சை வைக்கவில்லை. குளிர் நாடுகளுக்கு 25 டிகிரியும் 60 சதவிகித ஈரமும் போதும் என்றால், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கு 30 டிகிரியும் 75 சதவிகித ஈரமும் என்று வகுத்திருக்கிறார்கள். இது தவிர, 40 டிகிரி உஷ்ணத்தில் 75 சதவிகித ஈரத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்க்கும் கடும் பரீட்சையும் உண்டு. ஐரோப்பாவில் நிற்கும் மாத்திரை உத்திரமேரூரிலும் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

தாம்பரத்துக்கு வந்த மாத்திரை

உருவம் மாறினால் என்ன நேரும் என்பதை உலகம் 1998-ல் கண்டது. எய்ட்ஸ் நோய்க்கு அமெரிக்காவில் அபாட் கம்பெனியார் செய்த ரிடோனாவிர் என்ற மருந்து 1996-ல் கடைக்கு வந்தது. இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. திடீரென்று, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு புது ஸ்படிகம் காப்ஸ்யூல்களுக்குள் தோன்றியது. பழைய ஸ்படிகத்தைவிட அது வெகு குறைவாகவே கரையும். அதன் வித்து ஒரு முறை புகுந்த தொழிற்சாலையில் பழைய உருவத்தைத் திரும்ப எடுப்பதே அரிதாகிவிட்டது. காப்ஸ்யூல் விநியோகம் நின்று, நோயாளிகள் கசப்பான திரவ மருந்தைக் குடிக்கும்படி ஆயிற்று. பிறகு வந்த காப்ஸ்யூலைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது.

குளிர்பெட்டி வேண்டிய மருந்து கிராமத்து ஏழைக்கு எட்டுமா? 2005-ல் இதற்கு ஒரு வழி பிறந்தது. லோபினாவிர் என்ற மருந்தையும் ரிடோனாவிரையும் சேர்த்து, உருக்கிப் பிழியும் முறையில் கண்ணாடி நிலையில் மாத்திரையாகச் செய்தார்கள். குளிர்பெட்டி தேவையில்லாமல் போயிற்று. நாள் ஒன்றுக்கு ஆறு காப்ஸ்யூல் விழுங்கியவர்களுக்கு நாலு மாத்திரை போதுமென்று ஆயிற்று.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடியான சம்பந்தம் உண்டு. இந்தியாவில் இந்த நோய்க் கிருமி முதன் முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டார்கள். 2004-ல் சர்க்கார் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கிய ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. முதல் வரிசை மருந்துக்கு நோய் கட்டுப்படாதவர்களுக்கு இரண்டாம் வரிசை மருந்தை 2008 ஜனவரியில் நாட்டிலேயே இரண்டு இடங்களில்தான் ஆரம்பித்தார்கள். ஒன்று பம்பாய், மற்றொன்று தாம்பரம். அக்காலத்து இரண்டாம் வரிசையில் முக்கியமான மருந்துகள் லோபினாவிரும் ரிடோனாவிருமே. தாம்பரம் அப்போது காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்து நோயாளிக்குப் பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரம். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் வீடு திரும்ப முடிந்ததென்றால், அதற்கு இந்தக் கண்ணாடி வித்தையே காரணம்.

கோர்ட்டுக்கு வந்த ஸ்படிகம்

அந்த மாத்திரையை நம் நாட்டில் செய்ய யாருக்கு உரிமை என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. பழைய மருந்தின் உருவத்தை மாற்றிவிட்டு, மேலும் இருபது வருஷத்துக்கு ஏகபோகம் கேட்பது மருந்து வியாபாரத்தில் சகஜம். இதைத் தடுக்கவே 2005-ல் நமது பேடண்டு சட்டத்தில் 3(டி) என்ற பிரிவு திருத்தி எழுதப்பட்டது. தெரிந்த மருந்தின் வேறு ஸ்படிகம், வேறு உப்பு, வேறு துகள் அளவு ஆகியவற்றை, நோய் தீர்க்கும் சக்தி அதிகமென்று காட்டாத வரையில், புதிய கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை என்பது அதன் சாரம்.

அந்தப் பிரிவின் முதல் பெரிய சோதனை நம் சென்னையிலேதான் நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் என்ற மருந்தின் ஒரு ஸ்படிக உருவத்துக்கு ஸ்விட்ஸர்லாந்தின் நோவார்டிஸ் கம்பெனியார் கேட்ட பேடண்டைச் சென்னை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. சட்டமே செல்லாதென்று அவர்கள் தொடுத்த வழக்கைச் சென்னை ஹைகோர்ட்டு 2007 ஆகஸ்டில் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பேடண்டை மறுத்தது. லோபினாவிர், ரிடோனாவிர் மாத்திரைக்குக் கேட்ட பேடண்டும் மறுக்கப்பட்டதென்ற செய்தி 2011 ஜனவரியில் வெளியாயிற்று. சிப்லா, மேட்ரிக்ஸ் முதலிய இந்தியக் கம்பெனிகள் வெப்பத்தைத் தாங்கும் அந்த மாத்திரையைச் செய்து நம் நாட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பின.

தேசாபிமானம் உள்ள எவருக்கும் இது பெருமை தரும் சரித்திரம். ஆனால் பெருமையோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. “உருவத்தை மாற்றியதற்காக ஏகபோகம் இல்லை” என்று சொன்னோம். உருவம் முக்கியமில்லை என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. செய்யும் உரிமை எல்லோருக்கும் கிடைத்துவிட்டால், ஒரே மருந்தைப் பத்துப் பேர் பத்து விதமாகச் செய்வார்கள். இட்ராகோனஸோல் விஷயத்தில் இது நடந்தே இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி காப்ஸ்யூலுக்குள் குருணைகளின் எண்ணிக்கையும் அளவும் மாறுபடுவதை நம் நாட்டுத் தோல் வைத்தியர்களே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மருந்து சாப்பிட்டும் படர்தாமரை போகவில்லை என்றால், காளான் முரடா, மருந்து கரையவில்லையா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? எய்ட்ஸ் மருந்திலோ இது உயிர்ப் பிரச்னை. ரத்தத்தில் மருந்து குறைந்தால் கிருமி அந்த மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும்.

மாத்திரைக்கும் ஒரு பொன் வாரியம்

மாத்திரையின் மாற்றை உரைக்க ஒரு கல் இருக்கிறது. உடம்பின் உஷ்ணமான 37 டிகிரியில், பெரும்பாலும் 900 மில்லிலிட்டர் திரவத்தில் மாத்திரையைப் போட்டு, துடுப்பு ஒன்று நிதானமாகக் கலக்க, இத்தனை நிமிஷத்தில் எத்தனை பங்கு கரைகிறது என்று அளப்பார்கள். ‘கரைவுப் பரீட்சை’ என்று இதைச் சொல்லலாம்.

தமிழ்நாடு இந்த வகையில் நாட்டுக்கே வழிகாட்டிய இடம். 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கென்று வாங்கும் மருந்தை ஜில்லாக் கிடங்குகளில் தனியே நிறுத்தி வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறது. தேறிய பிறகே வெளியே விடுகிறது. வேறு மாகாணங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றின. நம் காலத்துப் பொன் வாரியம் என்று இதை அழைத்தால் தவறில்லை.

ஆயினும் ஒரு வித்தியாசத்தை நாம் மறக்கலாகாது. ஒரு முறை உரைத்த பொன்னின் மாற்று அடுத்த வருஷமும் அதேதான். கண்ணாடி நிலையில் உள்ள மருந்தின் மாற்றோ நாளுக்கு நாள் இறங்கக்கூடியது. கிடங்கில் தேறிய மாத்திரை, ஓட்டுக் கட்டிடத்தின் அலமாரியில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இருந்த பிறகும் தேறுமா என்பது வேறு கேள்வி. மருந்து இன்ஸ்பெக்டர்கள் கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மாதிரி எடுக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் இந்த வகை மருந்துகளுக்கென்று, வருஷத்துக்கு இரண்டு முறை, அக்கினி நட்சத்திரம் கழிந்ததும் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு தடவை, கடைசிக் கிராமத்து அலமாரியிலிருந்து மாதிரி எடுத்துக் கரைவுப் பரீட்சை வைக்க வேண்டும் என்பது நமது யோசனை.

எந்தக் கிராமத்திலிருந்து எடுப்பது? அதற்குத்தான் குடவோலை இருக்கிறதே! எல்லாச் சுகாதார நிலையங்களின் பெயரையும் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கட்டும். வரப்போகும் இடம் முன்கூட்டித் தெரிந்தால், அந்த அலமாரி மட்டும் குளுகுளுவென்று இருக்கும். முடிவுகளைக் கம்பெனியின் பெயரோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனை மறுபடியும் குடத்தில் சேர்ப்பதில்லை என்பது உத்திரமேரூர்ச் சட்டம். பரீட்சையில் திரும்பத் திரும்பத் தவறிய கம்பெனிக்கும் டெண்டரில் அதே மரியாதை கிடைக்கட்டும்.

வீட்டிலே செய்யத்தக்கது

சர்க்கார் செய்யும் வரையில் நாம் கை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரத்தக் கொதிப்புக்குப் பல வீடுகளில் பெரியவர்கள் சாப்பிடும் டெல்மிஸார்டனை, முதலில் செய்த கம்பெனியார் காரம் சேர்த்துத் தெளித்து உலர்த்தி, ஸ்படிகமற்றதாகவே செய்தார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். சாப்பிடும் வேளை வரும் வரையில் தகட்டிலிருந்து எடுக்க வேண்டாம் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடினைச் சிலர் ஸ்படிகமாகவும் சிலர் ஸ்படிகமற்றதாகவும் செய்கிறார்கள். எது எப்படிச் செய்யப்பட்டது என்று உறையைப் பார்த்து நமக்குத் தெரியாது. ஆகையால் எல்லாவற்றுக்கும் பொதுவான சில விதிகளைக் கைக்கொள்வது நல்லது.

வாரம் முழுவதற்கும் மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைப்பது வசதிதான். அதைவிட, தகட்டைக் கத்தரியால் ஒவ்வொரு மாத்திரையாக உறையோடு வெட்டிப் போட்டு வைப்பது மேல். அடுப்பங்கரை அலமாரி, குளிர்பெட்டியின் தலை, வெயில் விழும் ஜன்னல், நிறுத்தி வைத்த மோட்டார் வண்டி, ஸ்நான அறை இவை ஐந்தும் மாத்திரைக்கு ஆகாத இடங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இட்ராகோனஸோல் காப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் விழுங்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்கென்று புளிப்பை அடக்கும் மருந்தைக் கூடவே சாப்பிட்டால், அது கரைய வேண்டிய அமிலம் இல்லாமல் போய்விடும். அத்தகைய மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உத்திரமேரூர்ச் சுவரைப் பார்க்கப் போகிறவர்கள் குடவோலையைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஓட்டுப் போடும் உரிமையை அந்தச் சுவரிலிருந்து நாம் பெற்றதாகப் பெருமை கொள்வது சரியே. மாற்றுப் பார்க்கும் கடமையும் அதே சுவரில்தான் எழுதியிருக்கிறது. அடுத்த முறை போகிறவர்கள் பொன் வாரியம் என்ற சொல்லையும் வழிகாட்டியைக் கேட்டுக் கண்டுவிட்டு வரட்டும்.